சிங்கிள் பேர்

கல்லுப்பாலத் தோட்டம், ரிங்லெட்
9 பிப்ரவரி 2025

தம்பி சசிதரனுக்கு அக்கா பவளம் எழுதிக்கொள்வது.

நீயும் யுவனேஸ்வரியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பெட்டாலிங் ஜெயாவில், ஏர்கோன் அறையில், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளருக்கும் அவர் மனைவிக்கும் என்ன குறை வந்துவிடப் போகிறது? இங்கே எனக்குச் சுகம். உன் அத்தானுக்கும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனுஷனைச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தோட்ட வேனில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். வந்ததும் படுத்துவிடுகிறார்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போன் போட்டால் "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வருகிறது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு ஒரு கட்டைவிரல்! கிளைச் செயலாளர் கடிதம் எழுதினால் தலைமையகம் எழுத்தில் பதில் தரவேண்டும் என்று சங்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆகையால் அக்காவாகவும் எழுதுகிறேன், கல்லுப்பாலக் கிளைச் செயலாளராகவும் எழுதுகிறேன். இருவரில் எவளுக்குப் பயப்படுவாயோ அவளுக்குப் பதில் போடு.

விஷயம் இதுதான். அடுத்த வருஷம் எனக்கு வேலை முடிகிறது. தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவளுக்கு வேலை முடிந்தால் அவள் புருஷனுக்குத் தோட்டக் கிளினிக்கும் முடிந்தது, வேனும் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் மலையில் நடந்து போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதுதான். இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. எங்களோடு வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிப் பில்லை நினைத்தே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போன வாரக் கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். நாட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே மருத்துவக் கஜானா வேண்டும். வரிப்பணமும் முதலாளிமார் பணமும் அதில் சேரட்டும். நோயாளியின் கையில் குடிமகனின் நீல அட்டை இருந்தாலும் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டை இருந்தாலும் வெறும் பாஸ்போர்ட் இருந்தாலும், பில்லையும் போக்குவரத்தையும் அந்தக் கஜானாவே கட்டட்டும். நடுவில் எந்தக் காப்புறுதி இன்சூரன்ஸ் கம்பெனியும் வேண்டாம். இதைச் சங்கம் தன் கோரிக்கையாக எடுத்து அரசாங்கத்தோடு போராடவேண்டும். மற்றக் கிளைகளின் வாக்கெடுப்புக்கு இதை அனுப்பும் வேலை உன்னுடையது. ஒழுங்காகச் செய்.

யுவனேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அக்கா பவளம்


சங்கத் தலைமையகம், பெட்டாலிங் ஜெயா
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். யுவனேஸ்வரி நாட்டியப் பள்ளி ஆண்டு விழா ஏற்பாட்டில் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறாள். அத்தானின் உடல்நிலை அறிந்து வருந்தினேன். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தங்கள் கிளையின் தீர்மானம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், தவறாக நினைக்க வேண்டாம். கருத்து உயர்ந்ததுதான். உலகத் தொழிற்சங்கங்கள் பலவும் பேசுகிற கருத்து. ஆனால் "கஜானா" என்பது ராஜா ராணி நாடகத்தில் வருகிற சொல். இதை அப்படியே செயற்குழுவில் வைத்தால், மலையிலிருந்து மந்திரி மகாராணி யாராவது வருகிறார்களா என்று கேட்பார்கள். இதற்கு முறையான பெயர் "சிங்கிள் பேயர்". மருத்துவச் செலவைக் கட்டுகிற தரப்பு ஒன்றே ஒன்று என்று பொருள். தமிழில் "ஒற்றைச் செலுத்துநர்" என்று எழுதினால் அது ஒருவருக்கும் புரியப்போவதில்லை. ஆகவே சிங்கிள் பேயர் என்றே போட்டுத் திருத்தியிருக்கிறேன்.

இதுபோன்ற விஷயங்களில் மொழிநடை முக்கியம், அக்கா. நீங்கள் நெஞ்சிலிருந்து எழுதுகிறீர்கள். நாங்கள் கோப்புக்கு எழுதுகிறோம்.

அன்புடன்,
சசிதரன்


கல்லுப்பாலத் தோட்டம்
8 மார்ச் 2025

தம்பி சசிதரனுக்கு,

இங்கே நானும் அத்தானும் இருக்கிறோம். உப்பைக் குறைக்கச் சொன்ன உன் கரிசனத்தை அவரிடம் சொன்னேன். "டாக்டர் சொல்லாத புதுச் சேதியா இருக்கே" என்றார்.

உன் கோப்புத் தமிழை நேற்றுக் காலைப் பெரட்டில் வைத்துப் பார்த்தேன். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பது உனக்கு மறந்திருக்கும். தினம் அங்கே பெயர் விழுந்தால்தான் சம்பளம். முழு நாள் நின்றால் முழுப் பேர், மத்தியானத்தோடு போனால் அரைப் பேர். இந்த மலையில் "பேர்" என்றால் அதுதான். இப்போது உன் "சிங்கிள் பேயர்" இவர்கள் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா?

சாந்தினிதான் முதலில் கேட்டாள். "சிங்கிள் பேரா? அப்ப எம் பேரு மட்டுந்தான் இருக்குமா கிளினிக் கார்டுல? எம்புள்ளைங்க?"

தங்கம்மா விடுவாளா? "நல்லாருக்குலா. வேலை செய்றவ பேரு மட்டும் வச்சுக்கிட்டு வீட்ல கெடக்குற புருஷன் பேர வெட்டிருவாங்க போல. பவளம், இதுக்கா நீ கூட்டம் போட்ட? ஒம் புருஷனையே வெட்டிக்கிட்டியே!"

ஒருத்தி "பேயரா, பேயா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நான் நின்று விளக்கினேன். "பேரு இல்ல, பேயர். பில்லு கட்டுறது ஒருத்தர். பாத்துக்கிறது எல்லாரையும்." அதன்பிறகுதான் முகம் தெளிந்தது. "கஜானா" என்று சொன்னபோது இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, மகாராஜா.

எங்கள் கிளைக்கு நான் இருக்கிறேன். மற்றக் கிளைகளில் யார் விளக்குவார்கள்? கம்பெனிக்காரர்கள் விற்கும் கார்டுகளில் "சிங்கிள்", "பேமிலி" என்று இரண்டு வகை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் தீர்மானம் செத்தது. சொல்லை மாற்று. உன் படிப்பைக் காட்ட வேறு இடம் பார்.

யுவனேஸ்வரியின் விழா நன்றாக நடந்ததா?

அக்கா பவளம்


சங்கத் தலைமையகம்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. பதில் தாமதமானதற்குப் பொறுத்தருள்க. வேலைப்பளு.

சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குறித்துக்கொண்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

இதற்கிடையே செயற்குழுவில் வேறொரு யோசனை வந்திருக்கிறது. காப்புறுதி நிறுவனம் ஒன்று நம் உறுப்பினர்களுக்குக் குடும்ப மருத்துவ அட்டை தர முன்வந்துள்ளது. தனியார் மருத்துவமனையிலேயே சிகிச்சை. தோட்ட நிர்வாகங்களும் பாதிச் செலவை ஏற்கச் சம்மதிக்கின்றன. அரசாங்கத்திடம் போராடி, சட்டம் வந்து, கஜானா திறந்து, அதிலிருந்து ஒரு மாத்திரை நம் கைக்கு வருவதற்குள் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ! நோய் அதுவரை காத்திருக்காது, அக்கா. சில உண்மைகள் வரிசையில் போய் நின்று பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும். மலையில் இருந்துகொண்டு கொள்கை பேசுவது சுலபம்.

நிறுவனத்தின் பிரதிநிதி அடுத்த வாரம் அங்கே வருவார். மரியாதையாக நடத்துங்கள். தங்கள் நாக்கு எனக்குத் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

சசிதரன்


கல்லுப்பாலத் தோட்டம்
4 மே 2025

தம்பி சசிதரனுக்கு,

எங்கள் சுகத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. யுவனேஸ்வரியைப் பற்றியும் ஒரு வரி இல்லை. மேடையில் ஆடுகிறவளுக்கு மலைக்காட்டுச் சொந்தம் கசந்துவிட்டது போலும். இருக்கட்டும்.

நீ எந்த வரிசையில் போய் நின்றாய்? சங்கப் பணத்தில் விருந்து சாப்பிடும் வரிசையிலா?

உன் பிரதிநிதி வந்தான். நம் தமிழ்ப் பையன்தான், கோட்டும் டையும் போட்டிருந்தான். ஆளுக்கொரு குடை கொடுத்தான். குடை பூராவும் கம்பெனியின் பெயர். மழையில் நின்று கொழுந்து வெட்டுகிறவர்கள் எந்தக் கையால் குடை பிடிப்பது என்று அவனும் யோசிக்கவில்லை, அவனை அனுப்பிய நீயும் யோசிக்கவில்லை. ஹாலில் திரை கட்டிப் படம் காட்டினான். ஒரு படத்தில் ஒரே ஒரு ஆள் இருட்டில் தனியாக நிற்கிறான். மேலே "சிங்கிள்". அடுத்த படத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் வெயிலில் சிரிக்கிறார்கள். மேலே "குடும்பம்".

உன் அத்தான் கை தூக்கினார். "தம்பி, எனக்குக் கிட்னி போச்சு. வாரம் மூணு தடவ சுத்தம் பண்றேன். இந்தக் கார்டு எனக்கு உண்டா?"

"அங்கிள், ஏற்கெனவே இருக்குற வியாதி இதுல வராதுலா."

"அப்ப இனிமே வரப்போற வியாதிக்கு மட்டுந்தான் கார்டு?"

"ஆமா, அங்கிள்."

"வந்த வியாதிய என்ன பண்றது? ஒங்க ஆபிஸ்ல கொண்டாந்து வச்சிட்டுப் போவட்டுமா?"

ஹால் அதிரச் சிரித்தார்கள். பையன் டையைத் தளர்த்திக்கொண்டு, "தலைமையகத்துல கேளுங்க, அங்கிள்" என்றான்.

கூட்டம் முடிந்ததும் சுப்பிரமணியம் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆபிஸ் வேலை செய்கிறவர், எல்லாம் அவர் கண்ணில் படும். அட்டை வந்துவிட்டால் தோட்டக் கிளினிக்கை மூடிவிடலாம், வேனையும் நிறுத்திவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அதற்காகத்தான் துரைமார் பாதிச் செலவைச் சந்தோஷமாக ஏற்கிறார்களாம். எனக்கு வேலை முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். நீ அதையும் பிடுங்கப் பார்க்கிறாயா?

வேன் நிற்குமா, நிற்காதா? உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் எழுது.

பவளம்


சங்கத் தலைமையகம்
28 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விழைகிறேன்.

வாக்கெடுப்பு ஜூலை மாதம் எல்லாக் கிளைகளிலும் நடைபெறும். வாக்குச் சீட்டின் மாதிரியை இத்துடன் வைத்துள்ளேன். முதல் திட்டம்: சிங்கிள் பேயர். இரண்டாம் திட்டம்: குடும்ப மருத்துவ அட்டை. ஏதேனும் ஒன்றை உறுப்பினர் தேர்ந்தெடுக்கலாம். இதைவிட எளிமையாகச் செய்ய முடியாது. சொல்லை மாற்றுவதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. வருந்துகிறேன்.

தங்கள் மற்றக் கேள்வி நிர்வாகம் சம்பந்தப்பட்டது. தக்க நேரத்தில் தக்கவர் பதில் அளிப்பார்.

சில நேரங்களில் ஒரு மனிதன் இரண்டு கெட்டதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அக்கா. அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

சசிதரன்


கல்லுப்பாலத் தோட்டம்
20 ஜூலை 2025

சசிதரனுக்கு,

இங்கே மழை. அத்தானுக்குக் கால் வீங்கியிருக்கிறது. உன் வீட்டு நலம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

அச்சுக்குப் போய்விட்டதாம்! மார்ச்சில் எழுதியது ஜூன்வரை எங்கே போயிருந்தது? நடந்தது தெரியாமல் நேர்ந்த தவறு என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. "சிங்கிள் பேர்" என்று என் ஜனங்கள் தப்பாகக் கேட்கிறார்கள், திருத்து என்று உனக்கு எழுதினேன். நீயோ அந்தத் தப்பைப் பத்திரமாக வைத்திருந்து, "குடும்பம்" என்ற சொல்லைப் பக்கத்திலேயே நிறுத்தி, அச்சடித்து அனுப்பியிருக்கிறாய். உன்னை நம்பி நான் கொடுத்த கத்தியை எங்கள் கழுத்தில் வைத்தாய். உன் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். முதலாளிமார் இத்தனை வருஷம் வெளியே ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மற்றக் கிளைச் செயலாளர்களுக்கு நானே போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. பெர்த்தாம் பக்கத்து வீரப்பன் எடுத்தார். "என்னம்மா பவளம், எங்காளுங்க எல்லாம் குடும்பஸ்தனுங்க. சிங்கிளுக்கு யாரு ஓட்டுப் போடுவா?" என்றார். விளக்கினேன். "அப்படியா சங்கதி? அப்படின்னு எழுத வேண்டியதுதானேலா!" என்று என்னிடம் கோபப்பட்டார். அவர் கிளையில் முதல் நாளே ஓட்டு முடிந்துவிட்டது.

எங்கள் கிளையில் இன்று நடந்தது. சீட்டு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று சொன்னேன். கங்காணி முறைத்தார். முறைக்கட்டும். ஒருவர் பாக்கியில்லாமல் முதல் திட்டத்துக்கே போட்டார்கள். எங்கள் ஒரு கிளை ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும்.

பவளம்


சங்கத் தலைமையகம்
10 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய கிளைச் செயலாளர் பவளம் அவர்களுக்கு,

வணக்கம். கிளை வாக்கெடுப்பில் குடும்ப மருத்துவ அட்டைத் திட்டம் பெருவாரியான வாக்குகளால் ஏற்கப்பட்டது. கல்லுப்பாலம் நீங்கலாக எல்லாக் கிளைகளும் ஆதரித்துள்ளன. இது உறுப்பினர்களின் தீர்ப்பு. சங்கத்தில் எல்லாரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள்.

ஒப்பந்தத்தின்படி தோட்டக் கிளினிக்கும் அதைச் சார்ந்த போக்குவரத்தும் செப்டம்பர் முதல் நிறுத்தப்படும். சிங்கிள் பேயர் கோரிக்கை சங்கத்தின் நீண்டகால இலட்சியங்களில் ஒன்றாக ஆவணத்தில் இடம்பெறும்.

அக்கா, அத்தானுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். என்னால் முடிந்தால் உதவுகிறேன். இப்போது முடியவில்லை.

சசிதரன்


கல்லுப்பாலத் தோட்டம்
7 செப்டம்பர் 2025

துணைப் பொதுச்செயலாளர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இலட்சியங்களும் ஆவணத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை காலை உங்கள் அத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வழக்கமான இடத்தில் போய் நின்றார். வேன் நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும், நானும் சொல்லியிருந்தேன். இருந்தாலும் போய் நின்றார். "ஒருவேள மறந்து போயி வந்துட்டான்னா?" என்றார். வரவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டி, முகமெல்லாம் ஊதி, பேச்சு வரவில்லை. சாந்தினியின் புருஷன் தன் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் என்னைத் திட்டினார். திட்டவேண்டியது யாரை என்று அவரிடம் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை.

இப்போது லெம்பா பெர்த்தாமில் பூ வியாபாரம் செய்யும் கோகிலனின் லோரியில் போகிறார். ஈப்போவுக்குப் பூ ஏற்றிப் போகும் வழியில் தானா ராத்தாவில் இறக்கிவிடுகிறான். திரும்பி வருவது அவரவர் தலைவிதி. லோரி ஓடாத நாளில் என்ன செய்வது என்று தெரியாது. தாங்கள் கொடுத்த குடும்ப அட்டை வந்து சேர்ந்தது. அதில் என் பெயர் இருக்கிறது, ஏற்கெனவே நோய் உள்ள என் குடும்பம் இல்லை. சிங்கிள் பேர் என்றால் புருஷன் பேரை வெட்டிவிடுவார்கள் என்று தங்கம்மா சொன்னது சரிதான். அந்த அட்டைக்குத்தான் அந்தப் பெயர் பொருத்தம்.

இனி நமக்குள் கிளைச் செயலாளருக்கும் தலைமையகத்துக்கும் உள்ள உறவு போதும். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கமாட்டேன். கேட்டால் தாங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பவளம்
கிளைச் செயலாளர்


பெட்டாலிங் ஜெயா
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு யுவனேஸ்வரி எழுதுவது.

நீங்களும் முனியாண்டி அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

"துணைப் பொதுச்செயலாளர் அவர்களுக்கு" என்று நீங்கள் எழுதிய கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உங்கள் தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாங்கிப் படித்தேன். என்ன வேன், என்ன வாக்கெடுப்பு என்று கேட்டேன். உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அப்போதுதான் எனக்கே எல்லாம் தெரியவந்தது.

மார்ச் மாதம், ஆண்டு விழா முடிந்த கையோடு, என் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய். அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள், ஆனால் காத்திருக்கவேண்டும் என்றார்கள். வரிசையில் என்னோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதார். மறு வாரமே தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். எல்லாச் செலவும் கட்டியாகிவிட்டது, சங்கம் பார்த்துக்கொள்கிறது என்றார். எவருக்கும் சொல்லாதே, உங்களுக்குக்கூடச் சொல்லாதே என்றார். நான் முட்டாள், நம்பினேன்.

அந்தக் காப்புறுதி நிறுவனம் சங்கத் தலைவர்களின் குடும்பத்துக்கு மட்டும் தனி அட்டை கொடுத்திருக்கிறது. அதில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் சிகிச்சை உண்டு. ஏற்கெனவே இருக்கிற வியாதி வராது என்று அண்ணனிடம் அந்தப் பையன் சொன்னானே, அந்த விதி எனக்கு மட்டும் இல்லை. வாக்கெடுப்பு ஜெயித்தால்தான் அந்த அட்டை நிலைக்கும். என் கட்டியை வெட்டி எடுக்க அண்ணனின் வேனை விற்றிருக்கிறார், அண்ணி. என்னைக் கேட்காமல், என் பெயரில்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதிக் கீமோ மருந்தை ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் ஏற்றிக்கொள்ள எழுதி வாங்கியிருக்கிறேன். வரிசை நீளம்தான். ஆனால் எந்தத் தலைவரின் மனைவி என்று அங்கே ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. இந்த வீட்டில் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாதக் கடைசியில் புறப்பட்டு வருகிறேன்.

யுவனேஸ்வரி


கல்லுப்பாலத் தோட்டம்
19 அக்டோபர் 2025

சசிதரனுக்கு,

நான் யுவனேஸ்வரிக்குப் பதில் எழுதவில்லை. அவள் வந்துவிட்டாள். ரிங்லெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தலையில் துணி கட்டியிருந்தாள், ஆள் பாதியாக இருந்தாள். இத்தனை மாதம் அவளைப் பற்றி நீ ஒரு வரி எழுதாததற்கு நான் அவளைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேண்டாம் என்று எழுத எனக்கு மனம் வருமா? உனக்கு வந்திருக்கும்.

இப்போது மருந்து ஏற்றும் நாளில் அவளும் அத்தானும் கோகிலனின் லோரியில்தான் போகிறார்கள். ஓட்டுநர் பக்கத்து ஆசனத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு போகிறார்கள். அவர் தானா ராத்தாவில் இறங்குகிறார். அவள் செவ்வந்திப் பூவோடு ஈப்போவரை போகிறாள். நீ யாரை விற்று யாரைக் காப்பாற்றினாயோ, அந்த இருவரும் ஒரே ஆசனத்தில். இப்போது கோகிலன் திரும்பும்போதும் இருவரையும் ஏற்றிக்கொள்கிறான், அவள் வாந்தி எடுத்தபடி வருகிறாள். அத்தான் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொள்கிறார். "என்னவிட இந்தப் புள்ள தைரியசாலிலா" என்கிறார்.

நீ பெண்டாட்டிக்காகச் செய்தாய் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். பணத்துக்காகச் செய்தாய் என்றிருந்தால் உன்னைத் தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். அவளுக்கு அந்தக் கட்டி வந்தபோது நீ பயந்ததில் எனக்குக் கேவலம் எதுவும் தெரியவில்லை. நாங்கள் கேட்ட கஜானா இருந்திருந்தால் நீ எவன் காலிலும் விழவேண்டியிருக்காது என்பது உன் மண்டையில் ஏறவில்லையே, அதுதான் கேவலம். உன் மேசைமேல் கிடந்த காகிதம் உன் பெண்டாட்டிக்காகத்தான் எழுதப்பட்டது, நீ சிரித்தாய்.

தீர்மானத்தைத் திரும்பவும் அனுப்புகிறோம். இந்தமுறை கஜானா என்றே எழுதியிருக்கிறது. வீரப்பனின் கிளையும் சேர்ந்திருக்கிறது, தங்களை முட்டாளாக்கியது யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. யுவனேஸ்வரி போய்ச் சொன்னாள். உன் பதவி இருக்குமா, போகுமா என்று எனக்குத் தெரியாது. கவலையும் இல்லை.

ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. உன் இடத்தில் நான் இருந்து, அத்தானுக்கு ஓர் அட்டையை என் முன்னால் நீட்டியிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்? நேற்றுச் சாப்பிடும்போது அவரிடமே கேட்டேன். "யுவனேஸ்வரிக்குக் கெடைக்க வேண்டியத வித்து ஒங்களக் காப்பாத்தலாம்னா, நான் செஞ்சிருப்பேனா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "செஞ்சிருப்ப. ஆனா அவ மூஞ்சப் பாத்துச் சொல்லிட்டுத்தான் செஞ்சிருப்ப."

யுவனேஸ்வரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

அக்கா
பவளம்